விருந்தாளியும் பதிவேடும்

(நாள் வாடகைக்கு வீடு விடும் உரிமையாளர்களுக்காக நமது அறக்கட்டளை நாகூரில் நடத்திய ஆலோசனைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

கந்தூரியின் 14 நாட்களில் வெளியூரிலிருந்து வருபவர்களுக்குத் திண்ணையைக்கூட ஒழித்துக் கொடுத்துப் பழகிய ஊர் இது. காலம் மாறிவிட்டது. இப்போது வீட்டைப் படம் பிடித்துச் செல்போன் செயலியில் போட்டால், முன்பின் தெரியாதவர்கள் முன்பணம் கட்டிவிட்டு வந்து இறங்குகிறார்கள். அது ஹலாலான வருமானம்தான். அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் காசு வாங்கியபின் வந்தவரின் உயிரும் உடைமையும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைச் சரியாகக் காக்கிறோமா என்றுதான் சட்டம் கேட்கிறது.

இந்தக் கேள்வி புதியதல்ல. 1867-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் ‘சராய் சட்டம்’ என்று ஒன்று வந்தது. வழிப்போக்கர்கள் தங்கும் இடத்துக்குத்தான் சராய் என்று பெயர். சராய் நடத்துபவர் மாவட்ட அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தங்கியிருப்பவருக்குத் தொற்றுநோய் வந்தால் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். கிணற்றையும் சாக்கடையையும் சுத்தமாக வைக்க வேண்டும். கட்டணப் பட்டியலை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். திருடன் ஏறி இறங்க வசதியாக இருக்கும் மரக்கிளைகளைக்கூட வெட்டிவிட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். உரிமம் என்றால் அலைக்கழிப்பு என்று நினைக்கிறோம். அதன் வேர் முஸாபிரின் பாதுகாப்பில் இருக்கிறது.

இன்றைய நிலைக்கு வருவோம். வீட்டிலேயே விருந்தினரைத் தங்க வைப்பவர்களுக்காக மத்திய சுற்றுலா அமைச்சகத்தில் ஒரு திட்டம் இருக்கிறது. ஒன்று முதல் ஆறு அறைகள் வரை, மொத்தம் 12 படுக்கைகளுக்கு மேல் போகக்கூடாது. உரிமையாளரோ அவர் குடும்பமோ அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். தமிழ்நாடு சுற்றுலாத் துறையும் ஹோம்ஸ்டே வீடுகளைப் பதிவு செய்கிறது. கணவரை இழந்து, மாடி அறை இரண்டை விட்டுப் பிழைக்கும் சகோதரிகள் நம்மில் உண்டு. அவர்கள் பயப்பட வேண்டியதில்லை. கீழே தான் குடியிருந்துகொண்டு மேலே விருந்தினரை வைப்பவருக்குத் தோதாகத்தான் இந்தத் திட்டம் இருக்கிறது.

நம் ஊரில் அதிகம் தவறிப்போவது இன்னொரு விஷயம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால், ‘சி படிவம்’ என்று நாம் சொல்லிப் பழகிய விவரத்தை 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். “பினாங்கிலிருந்து வந்திருப்பவர் நமக்குத் தூரத்துச் சொந்தம்தானே” என்று விட்டுவிடுகிறோம். சட்டம் சொந்தத்தைப் பார்ப்பதில்லை, பாஸ்போர்ட்டைத்தான் பார்க்கிறது. பிறகு காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் நமக்கும் தலைகுனிவு, வந்தவருக்கும் மனவேதனை.

குடியிருப்பு வீட்டைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் சொத்து வரிக் கணக்கும் மாறும். அதை நகராட்சியில் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தை எட்டுபவர்கள் ஜிஎஸ்டி பற்றிக் கணக்காளரிடம் கலந்துகொள்ள வேண்டும்.

இனி, நம் மனதை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறோம். நமது அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்தார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், அவளுக்குக் கீழே ஒரு தங்கை. மாத வாடகை ஒருநாளும் பாக்கி வைத்ததில்லை. கந்தூரிக்கு முன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அந்த 14 நாள் வரவு பல மாத வாடகைக்குச் சமமாம். வேறு வீடு அமையும்வரை மூவரும் உறவினர் வீட்டுக் கூடத்தில் படுத்து எழுந்தார்கள். பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்குப் புத்தகம் விரிக்க இடமில்லை.

இது உலகம் முழுக்க இருக்கும் சிக்கல். நியூயார்க் நகரத்தில் 2023 செப்டம்பர் முதல், 30 நாட்களுக்குக் குறைவாக வீடு விடுபவர் நகர நிர்வாகத்தில் பதிவு செய்ய வேண்டும். விருந்தினர் தங்கும்போது அவரும் அங்கேயே இருக்க வேண்டும். இரண்டு பேருக்கு மேல் தங்க வைக்கக்கூடாது. குடியிருக்க வேண்டிய வீடுகளெல்லாம் விடுதிகளாகிவிடக்கூடாது என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. நமக்கு அப்படிச் சட்டம் வந்துதான் புத்தி வர வேண்டுமா? காலியாக இருக்கும் அறையை விடுங்கள், பரக்கத் உண்டாகட்டும். குடியிருப்பவரை எழுப்பிவிட்டு வரும் காசு வேண்டாம் என்று ஒவ்வொருவரும் தமக்குத் தாமே முடிவு செய்துகொள்ளக் கேட்டுக்கொள்கிறோம்.

இன்று வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். வருபவரின் பெயர், ஊர், அடையாள அட்டை விவரம் எழுத ஒரு நோட்டுப் போடுங்கள். மின்கம்பி, கேஸ் குழாய், மாடிப்படிக் கைப்பிடி மூன்றையும் ஆள் வைத்துப் பாருங்கள். வாடகை விவரத்தை வாசலில் எழுதி மாட்டுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். நம் பிள்ளைகள் காசு வாங்காமல் நிரப்பித் தருவார்கள், இன்ஷா அல்லாஹ்.

வருபவருக்கும் குடியிருப்பவருக்கும் நம் வீடுகள் நிம்மதி தருபவையாக அமைய அல்லாஹ் அருள்புரிவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.