இரு பழங்களின் விலை



வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் மாலைவேளையில் அடிக்கடி எழும் குரல் ஒன்று உண்டு: "கணக்குத் தெரிகிறது, கேள்விதான் புரியவில்லை." சமன்பாட்டைக் கொடுத்தால் விடை காணும் குழந்தை, அதுவே இந்தியிலோ ஆங்கிலத்திலோ வாக்கியமாய் வந்ததும் திகைத்து நிற்கின்றது. குறை கணிதத்தில் இல்லை; சொல்லிலிருந்து குறியீட்டிற்குச் செல்லும் வழியில் உள்ளது. அவ்வழியைத் தாய்மொழியிலேயே காட்டலாம்.

இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், கன்னட நாட்டில் வாழ்ந்தவர் மகாவீரர் என்னும் சமணக் கணித அறிஞர். (தீர்த்தங்கரர் வேறு, இவர் வேறு.) இவருடைய 'கணித சார சங்கிரகம்' என்னும் வடமொழி நூல், ரங்காச்சாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912இல் சென்னையில் அச்சேறிற்று. அதில் ஒரு பழக்கணக்கு உண்டு. எலுமிச்சை இனப் பழம் 9, விளாம்பழம் 7, இரண்டும் சேர்ந்து விலை 107. முன்னது 7, பின்னது 9 என்றால் விலை 101. ஒவ்வொன்றின் விலை யாது? முதற்பழத்தை நாம் நாரத்தை என்றே வைத்துக்கொள்வோம். சுவையில் வேறுபடினும் கணக்கில் வேறுபாடு இல்லை.

'நா' என்று எழுதச் சொன்னால் குழந்தை அதை நாரத்தை என்றே எண்ணிவிடும். பெரும்பாலான பிழைகள் பிறக்குமிடம் இதுவே. 'நா' பழமன்று; ஒரு நாரத்தையின் விலை, அதாவது ஓர் எண். 'வி' அவ்வாறே ஒரு விளாம்பழத்தின் விலை. இதை வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். பின்னர் வாக்கியங்கள் தாமே சமன்பாடுகளாகும்:

9நா + 7வி = 107
7நா + 9வி = 101

முதலாவதை 9ஆலும் இரண்டாவதை 7ஆலும் பெருக்கினால் இரண்டிலும் 63வி வரும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க, 32நா = 256; ஆகவே நா 8. முதற் சமன்பாட்டில் இதை இட்டால் வி 5. இரண்டாவதில் இட்டுச் சரிபார்க்க: 56உம் 45உம் கூடி 101.

எண்கள் இடம் மாறி நிற்பதைக் கண்ட குழந்தைக்குக் குறுக்குவழியும் உண்டு. இரண்டையும் கூட்டினால் 16 நாரத்தை, 16 விளாம்பழம், விலை 208. எனவே இணை ஒன்றுக்கு 13. கழித்தால் 2நா − 2வி = 6; அதாவது நாரத்தை 3 கூடுதல். விடை மனத்திலேயே கிட்டும்.

இரண்டு வாக்கியங்கள் இருந்தாலே போதும் என்று எண்ணற்க. "18 நாரத்தை, 14 விளாம்பழம், விலை 214" என்பது இரண்டாவது வாக்கியமாயின், அது முதல் வாக்கியத்தின் இருமடங்கே. புதுச்செய்தி ஒன்றும் இல்லாமையால் விலையை உறுதிசெய்ய இயலாது. அவ்விடத்தில் 215 என்றிருந்தாலோ, இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன. எத்துணைப் பக்கம் எழுதினும் அவ்விரண்டிற்கும் பொருந்தும் விலை அகப்படாது.