குட்டைக் கரைக்கும் காவல் வேண்டும்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



ஏரிக்கரை என்றால் நமக்கு மரியாதை உண்டு, பயமும் உண்டு. ஐப்பசி மழை கொட்டினால் ஊரே மம்பட்டியோடு கரைக்கு ஓடும். ஆனால் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நாமே வெட்டி, நாமே மண்கரை போட்டு, கழுவின சாணித் தண்ணியைத் தேக்கி வைக்கிறோமே, அந்தக் கரையை யார் போய்ப் பார்க்கிறோம்? மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிறோம். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், என் சரகத்தில் 20 மாடு வைத்திருந்த ஒரு பெரியவர் தோட்டத்துக்கு ஆடி மாதம் போயிருந்தேன். குட்டைக் கரையின் வெளியடியில் ஒரு முழ அகலத்துக்கு ஈரம். அந்த இடத்தில் மட்டும் புல் பச்சைப் பசேல் என்று இருந்தது. "ஐயா, இதைக் கொஞ்சம் கவனிங்க" என்றேன். "அது வெறும் ஊறல் தண்ணிங்க சார், புல்லுக்காவது ஆச்சு" என்றார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஐப்பசியில் ஒரு ராத்திரி, அதே இடத்தில் கரை வாய் பிளந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் தண்ணி முழுக்கப் பள்ளத்திலிருந்த தம்பி தோட்டத்துக் கிணற்றில் இறங்கிவிட்டது. இரண்டு குடும்பத்துக்கும் அதுதான் குடிதண்ணீர்க் கிணறு. மூன்று தடவை இறைத்தும் நாற்றம் போகவில்லை. அண்ணன் தம்பிக்குள் பேச்சும் நின்றுபோனது. அன்றைக்கு நான் சிரித்துவிட்டு வந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் 1995 ஜூன் 21 அன்று ஒரு பன்றிப் பண்ணையின் கழிவுநீர்க் குட்டைக் கரை உடைந்தது. 9 கோடி லிட்டருக்கும் மேல் கழிவு வயல்களில் பாய்ந்து ஆற்றில் கலந்தது. மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. சாணக் கழிவு தண்ணீரில் கலந்தால், அதை அழுக வைக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். மீன் மூச்சு முட்டிச் சாகும். கிணற்றில் நைட்ரேட் சேர்ந்தால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து.

சரி, கரை ஏன் உடைகிறது? முக்கியமாக இரண்டு காரணம். ஒன்று, தண்ணி கரைக்கு மேல் ஏறி வழிவது. இன்னொன்று, உள்ளுக்குள்ளேயே மண்ணை அரித்து வழி பண்ணிக்கொள்வது.

முதல் காரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். மாட்டுக்கு நாளைக்கு 100 லிட்டர் கழுவும் தண்ணி என்று வைத்தால், 20 மாட்டுக்கு 2,000 லிட்டர். கொட்டகைக் கூரையும் வாசலும் சேர்ந்து 10 சென்ட் இருக்கிறது என்று வையுங்கள். ஒரே ராத்திரியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதில் விழுவது சுமார் 40,000 லிட்டர்! அதாவது 20 நாள் கழுவுகிற தண்ணி ஒரே ராத்திரியில் குட்டைக்கு வந்து சேரும். ஆகவே கூரைத் தண்ணியைத் தனி வாய்க்காலில் வெளியே திருப்பிவிடுங்கள். குட்டைக்குள் ஒரு கம்பு நட்டு, கரை உச்சிக்கு 2 அடி கீழே சிவப்புக் கோடு போடுங்கள். தண்ணி அந்தக் கோட்டைத் தாண்டவே கூடாது. புரட்டாசி முடிவதற்குள் குட்டையை இறைத்து, கம்பு நேப்பியர் புல்லுக்குப் பாய்ச்சிவிடுங்கள். அது உரமும் ஆச்சு, குட்டையில் இடமும் ஆச்சு. மழை பெய்துகொண்டிருக்கும்போது மட்டும் பாய்ச்ச வேண்டாம். அத்தனையும் ஓடைக்குப் போய்விடும்.

இரண்டாவது காரணம்தான் கள்ளத்தனமானது. புதுக் கரை போடும்போது மேல்மண்ணையும் வேரையும் வழித்து எடுத்துவிட்டு, களிமண்ணை அரையடி அரையடியாகப் பரப்பி, ஈரம் காட்டி, உருளை ஓட்டி இறுக்க வேண்டும். லாரியில் கொட்டிய மண் கரை ஆகாது. இரண்டு பக்கமும் சரிவு, 1 அடி உயரத்துக்கு இரண்டரை முதல் 3 அடி வரை இருக்கட்டும். கரிசல் மண் காய்ந்தால் வெடிக்கும். அதன்மேல் செம்மண் போர்த்துங்கள். கரையில் அருகம்புல் வளரலாம், மரம் கூடாது. மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, அந்தத் துளையே தண்ணிக்குக் குழாய் ஆகிவிடும். எலி வளை, நண்டு வளை கண்டால் தோண்டி, ஈரக் களிமண் வைத்து இடித்து மூடுங்கள்.

வாரம் ஒரு தடவை கரையைச் சுற்றி நடந்து பாருங்கள். கசிவு தெளிவாக, ஒரே அளவாக இருந்தால் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்துத் தினமும் பார்க்க வேண்டும். கலங்கலாக வந்தால், உள்ளே மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். வெளிப்பக்கம் களிமண்ணை அப்பி அடைக்காதீர்கள். தண்ணி வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். முதலில் மணல், அதன்மேல் சரளை, அதன்மேல் கல் என்று அடுக்குங்கள். தண்ணி வடியும், மண் நிற்கும். உடனே மோட்டார் வைத்துக் குட்டை மட்டத்தைக் குறையுங்கள். பள்ளத்தில் இருக்கிறவர்களுக்கும் சொல்லி அனுப்புங்கள். இதில் வெட்கம் வேண்டாம்.

இன்னொன்று. சாணி மேலே ஏடு கட்டினால் தரை மாதிரி தெரியும். குழந்தை காலை வைத்தால் உள்ளே போய்விடும். சுற்றி வேலி கட்டாயம். குட்டையைக் கலக்கும்போது விஷவாயு கிளம்பும். தனி ஆளாக இறங்காதீர்கள். உள்ளே விழுந்தவரைக் காப்பாற்றப் பின்னாலேயே குதித்தால் இரண்டு உயிரும் போகும். ஒரு கயிறும் நீளமான மூங்கிலும் எப்போதும் அங்கேயே கிடக்கட்டும்.

அந்தப் பெரியவர் இரண்டு மாதத்தில் கரையை மறுபடி கட்டிவிட்டார். தம்பியோடு பேச்சு வருவதற்கு இரண்டு வருஷம் ஆனது. இன்று சாயங்காலம் பால் கறந்து முடித்ததும் ஒரு பத்து நிமிஷம் உங்கள் குட்டைக் கரையில் நடந்து பாருங்கள். வெளியடியில் ஈரம் தெரிந்தால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள்.