புதியவருக்கு ஒரு வரவேற்பு மடல்



வர்த்தக தாபனமொன்றிற் புதிதாகச் சேரும் எழுதுவினைஞரை இக்காலத்தில் முதன்முதல் அழைப்பது பெரும்பாலும் மனிதரல்லர். மென்பொருள் தானாகவே அனுப்பும் மின்னஞ்சலாகும். அம்மடல் எவ்வாறு அமைதல் வேண்டுமென்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 2003 இல் வெளிவந்த அதனைக்கொண்டு தாபனங்கள் பல தம் இணையத்தளங்களை நடத்துகின்றன. புதியவரின் பெயரைப் பதிந்ததும் அது அனுப்பும் மடலில் மூன்று செய்திகளே உள: பயனர் பெயர், கடவுச்சொல்லை அமைப்பதற்கான இணைப்பு, உள்நுழையும் முகவரி. அன்பான விளிப்பு இல்லை; அழைத்தவர் இன்னாரென்ற குறிப்பும் இல்லை.

முன்னர்க் கடவுச்சொல்லே மடலில் எழுதப்பட்டு வந்தது. பெட்டகத்தின் இரகசிய எண்ணைத் திறந்த அஞ்சலட்டையில் எழுதுவது போன்றது அது. 2015 ஆகஸ்டில் வெளிவந்த 4.3 ஆம் பதிப்பு அவ்வழக்கத்தை ஒழித்து, இணைப்பை மட்டும் அனுப்பலாயிற்று. தளத்தார் மாற்றாவிடின் அவ்விணைப்பின் ஆயுள் 24 மணித்தியாலமே. மடலோ அதனைக் கூறுவதில்லை. வெள்ளி மாலை வந்த மடலைத் திங்கள் காலை திறப்பவர், கதவு அடைபட்டிருக்கக் காண்பார். பிழை தம்முடையதென எண்ணிக் கூசுவார். வேறொருவர் ஏமாற்று மடலென ஐயுற்று அதனை அழித்தேவிடுவார். அவரைக் குறைகூறல் தகுமா?

முதல் நாளில் மருண்ட மாணவன் பல நாள் வாய் திறவான் என்பதை ஆசிரியர் அறிவர். வளர்ந்தோர் நிலையும் அதுவே.

2017 நவம்பரில் வந்த 4.9 ஆம் பதிப்பு, இம்மடலின் வாசகத்தைத் தளத்தார் தம் விருப்பப்படி அமைத்தற்கு வழிசெய்தது. ஆதலால், புதியவரைப் பெயர் சொல்லி விளியுங்கள். அழைப்பவர் யார், எப்பணிக்காக அழைக்கின்றார் என்பதைக் கூறுங்கள். இணைப்பு எப்பொழுது காலாவதியாகும், அதன்பின் புதியதொன்றை எவ்வாறு பெறலாம் என்பதையும் எழுதுங்கள். முதல் நாளிற் செய்யவேண்டிய பணி ஒன்றை மட்டும் குறிப்பிடுங்கள். ஐயம் வினவுதற்கு ஒருவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் தாருங்கள். இவையனைத்தும் படிப்பவருக்கு விளங்கும் மொழியில் இருக்கட்டும். கடவுச்சொல் மட்டும் ஒருபோதும் மடலில் இடம்பெறலாகாது.

எழுதி முடித்தபின், அத்தாபனத்தை அறியாத ஒருவரிடம் மடலைக் கொடுத்துப் படிக்கச் செய்யுங்கள். அவர் எங்கே தயங்குகின்றாரோ, அங்கே திருத்துங்கள்.