ஓநாய் எந்தத் திணை? படநூல்களும் தமிழ் வினைமுற்றும்



சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையை அறியாதார் இவ்வரங்கில் இரார். 1697இல் ஷார்ல் பெரோ அதனைப் பிரெஞ்சு மொழியில் அச்சேற்றினார். ஓநாய் சிறுமியை விழுங்குவதோடு அவர் கதை முடிகிறது. 1812இல் கிரிம் உடன்பிறப்புகள் வெளியிட்ட செருமானியக் கதையில் வேட்டைக்காரர் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்து அவளை மீட்கிறார். கிரிம் நூலின் முதற்பதிப்பில் கதைகளுக்குப் படமே இல்லை. 1823இல் இலண்டனில் ஜார்ஜ் குரூக்ஷாங்கின் ஓவியங்களுடன் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு நன்கு விலைபோயிற்று. அதன்பின் 1825இல் கிரிம் உடன்பிறப்புகளும் 50 கதைகளைத் தெரிந்தெடுத்து, தம்பி லூத்விக் வரைந்த 7 படங்களுடன் சிறுபதிப்பு ஒன்றைக் கொணர்ந்தனர். அன்று கதைக்குள் நுழைந்த படம், இன்று கதையின் சொல்லையே ஆளத் தொடங்கிவிட்டது.

முதலில் தலையணி. கிரிம் எழுதியது சிவப்பு வெல்வெட்டுக் குல்லாய். ஆனால் 1729இல் பெரோவை ஆங்கிலத்தில் பெயர்த்த ராபர்ட் சாம்பர், குதிரையேறும் மகளிர் அணிந்த முக்காட்டு மேலங்கியின் பெயரை இட்டுவிட்டார். ஆங்கில ஓவியர்கள் அதனையே வரைந்தனர். நம் கடைகளில் கிடைக்கும் படநூல்களிலும் அவள் செவ்வங்கியுடன் நிற்க, அருகே 'தொப்பி' என்று அச்சாகியிருக்கும். தொப்பி என்றதும் சொங்கோக்கையும் பள்ளித் தொப்பியையும் எண்ணும் நம் குழந்தை, படத்தில் அதனைத் தேடும். 'முக்காடு' என்னும் நல்ல சொல் நம்மிடம் சும்மா கிடக்கிறது.

இதனினும் பெரிது திணைச் சிக்கல். 1862இல் பெரோவின் கதைகளுக்குப் படம் வரைந்த குஸ்தாவ் தொரே, பாட்டியின் இரவுக்குல்லாய் அணிந்த ஓநாயைச் சிறுமியின் அருகே கட்டிலில் கிடத்தினார். குல்லாய்க்குள் இருப்பது முழு விலங்கு. அதனை ஒருமுறை பார்த்தவர் மறப்பதில்லை. இந்த ஓநாய் பேசினால் வினைமுற்று யாது? ஆங்கில வினை பால் காட்டாது. ஓநாய் என்ற பெயரை மீண்டும் எழுதினால் போதும். தமிழ் வினைமுற்றுக்கு ஒளிய இடமில்லை. சொன்னது, சொன்னான், சொன்னார் என்பவற்றுள் ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும். அஃறிணை பேசுவதாகக் கூற நன்னூல் இசைவு தருகிறது. ஆயினும் ஓநாய்க்குக் குல்லாய் மாட்டினால் திணை மாறுமா என்று பவணந்தியார் எண்ணியிருக்கமாட்டார்.

அண்மையில் நம் கைக்கு வந்த தமிழ்ப் பதிப்பொன்றில் காட்டில் 'ஓநாய் கேட்டது' என்றிருந்தது. கட்டிலில் 'ஓநாய் சொன்னார்' ஆயிற்று. ஐந்து வயதுப் பேத்தி, "ஓநாய்க்கு எதுக்கு மரியாதை?" என்று கேட்டாள். முதலில் பிழை என்றே கருதினோம். பின்னர், சிறுமி பாட்டி என்று நம்பும் இடத்தில் அந்த 'ஆர்' விகுதி அவளுடைய நம்பிக்கையை அன்றோ பேசுகிறது என்று தோன்றியது. அறிந்து செய்திருந்தால் வேறெம்மொழிக்கும் எளிதில் வாயாத நயம் அது. அதே பக்கத்தில் 'கண்ணைச் சிமிட்டியது' என்றும் இருந்தமையால் அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறைகூறல் ஆகாது. பல மொழிகளுக்கும் வண்ணத்தை ஒருசேர அச்சிட்டு, எழுத்துக்குரிய கருந்தகட்டை மட்டும் மாற்றுவது செலவைக் குறைக்கும் முறை. எழுத்துக்கு விட்ட இடமோ ஆங்கிலத்துக்கு அளந்தது. தமிழ்வரி நீளும், நீண்டால் வெட்டுவார்கள். கிரிம் கதையில் காது, கண், கை, வாய் என நான்கு வினாக்கள் அச்சத்தைப் படிப்படியாக ஏற்றுகின்றன. அப்பதிப்பில் எஞ்சியவை இரண்டே. காதுக்கு அடுத்து வாய் வந்துவிடுகிறது. குழந்தைக்கு அஞ்சக்கூட நேரமில்லை. 'இருந்தாளாம்', 'போனாளாம்' என்று கதையைக் கதையாக்கும் 'ஆம்' ஈறும் ஓரிடத்திலும் இல்லை.

பதிப்பிப்போரிடம் நாம் வேண்டுவது ஒன்று. பக்கத்தை வடிவமைக்குமுன் தமிழ்ப்படியை ஒருவர் உரக்கப் படித்துப் பார்க்கட்டும், ஒரு குழந்தையை அருகில் அமர்த்திக்கொண்டு. நம் வீட்டில் அந்த விடுபட்ட இரு வினாக்களையும் பென்சிலால் ஓநாயின் போர்வைமேல் எழுதி வைத்திருக்கிறோம்.