கன்றுக்கு மட்டுமல்ல, கோடைக்கும் நிதி வேண்டும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இந்தச் சந்திப்பின் நினைவாக நம் கல்லூரி இருக்கும் இந்த ஊரில் ஆயிரம் மரக்கன்றுகள் நடுவது என்று ஒரு தீர்மானம் இன்று மாலை வரவிருக்கிறது. நல்ல எண்ணம். ஆனாலும், சின்ன நகராட்சி ஒன்றில் பொறியாளராக இருந்து இதில் கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற முறையில் ஒரு திருத்தம் கேட்க விரும்புகிறேன்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில், கன்று வாங்க, குழி வெட்ட, கூண்டு வைக்க நிதி வந்தது. நட்டோம். படம் எடுத்தோம். 'பணி முடிந்தது' என்று கையெழுத்துப் போட்டதும் நான்தான். அடுத்த மே மாதம் அந்தத் தெருவில் போனால், கூண்டு இருக்கிறது, கன்றைக் காணோம். வாசலில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா கேட்டார்: "ஏன் சார், கூண்டு மட்டும் நிக்குதே, உள்ளே என்ன வளக்கப் போறீங்க?" எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கோடையில் ஒரு கன்றுக்கு ஒரு தடவைக்கு 20 லிட்டர், வாரம் இரண்டு தடவை. 5,000 லிட்டர் லாரி ஒரு நடையில் 250 கன்றுக்குத்தான் ஊற்றும். ஆயிரம் கன்று என்றால் வாரத்துக்கு 8 நடை. மார்ச் முதல் ஜூன் வரை 17 வாரம், மூன்று கோடை: மொத்தம் 408 நடை! டீசல், ஓட்டுநர், குழாய் பிடிக்க ஓர் ஆள். இதில் ஒன்றுகூட நான் போட்ட மதிப்பீட்டில் இல்லை. குடிநீருக்கே லாரி போதாத ஊரில், கன்றுக்கு யார் லாரி விடுவார்கள்?

நிதிக்கு வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். 'நமக்கு நாமே' திட்டத்தில் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தருகிறது. 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் தொடங்கப்பட்டது. ஆனால் எந்த நிதியில் நட்டாலும், பிறகு தண்ணீர் ஊற்றுவது நகராட்சியின் பொது நிதிதான். சொத்து வரியில் ஓடும் அந்த நிதியில் மரத்துக்கென்று தனித் தலைப்பு இல்லாவிட்டால், முதலில் வெட்டுப்படுவது மரம்தான்.

அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய 'ட்ரீ சிட்டி' அங்கீகாரத்துக்கு நான்கு நிபந்தனைகள். மரத்துக்குப் பொறுப்பாக ஒரு குழு அல்லது துறை, மரங்களுக்கான சட்டவிதி, மக்கள்தொகையில் தலைக்கு 2 டாலராவது ஆண்டுச் செலவு, மரநாள் விழா. 'எத்தனை கன்று நட்டீர்கள்' என்பது அந்த நான்கில் இல்லை என்பதைக் கவனியுங்கள்!

பிழைத்த மரத்துக்கும் எமன் உண்டு. அவன் என்னைப் போன்ற பொறியாளன்தான். அடிமரம் வரை சிமெண்டுக் கல் பதித்து மூச்சை அடைப்போம். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணாக விட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லி வழக்கொன்றில் உத்தரவிட்டது. இப்போது என் சாலை மதிப்பீடுகளில் அந்த ஒரு மீட்டரை வரைபடத்திலேயே குறித்துவிடுகிறேன். மின்கம்பிக்குக் கீழே மந்தாரை, பவளமல்லி; அகலமான சாலையில் வேம்பு, புங்கன். ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, வார்டு வாரியாகப் பதிவேடு வைத்திருக்கிறோம். வருடா வருடம் ஜூனில் எண்ணுகிறோம். செத்ததையும் எழுதுகிறோம். முதலில் கூச்சமாக இருந்தது. ஆனால் அந்தப் பதிவேட்டைக் காட்டித்தான் நகர்மன்றத்தில் தண்ணீர் லாரிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு வாங்க முடிந்தது.

ஆகவே என் திருத்தம் இதுதான். ஆயிரம் வேண்டாம், நூறு நடுவோம். மீதிப் பணத்தை வங்கியில் போட்டு, மூன்று கோடைக்குத் தண்ணீருக்கு வைப்போம். நூறு கன்றுக்கு 2,000 லிட்டர். அரை லாரிகூட வேண்டாம். எண்ணும் வேலையைத் தம்பி தங்கைகள் ஏற்றுக்கொள்ளட்டும்.

அடுத்த மலரில் எத்தனை நட்டோம் என்று அச்சிட வேண்டாம். எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று அச்சிடுவோம்.