திரையிலே ஒரு பயிற்சிக்கூடம்



வலையமைப்புக் கல்வி என்றாலே கொழும்புக்கு ரயிலேற வேண்டும், விலையுயர்ந்த ரவுட்டர்கள் வேண்டும் என்று நாம் தயங்குகிறோம். அத்தயக்கத்துக்கு இன்று இடமில்லை. சிஸ்கோ நிறுவனம் 1998 இல் தொடங்கிய சி.சி.என்.ஏ. பரீட்சைக்கான பயிற்சியைக் கட்டுகஸ்தோட்டையிலோ பேராதனையிலோ நம் வீட்டிலிருந்தே பெறலாம். பாக்கெற் ட்ரேசர் ரவுட்டரைப் போல நடித்துக் காட்டும், இலவசமாகக் கிடைக்கிறது. ஜி.என்.எஸ். 3 என்பதோ ரவுட்டரின் உண்மையான மென்பொருளையே நம் கணினியில் இயக்க வல்லது. அம்மென்பொருளை உரிய அனுமதியுடன் பெறுதல் நம் கடமை.

கண்டி, மாத்தளை, கம்பளை என்று பெயரிட்டு மூன்று ரவுட்டர்களைத் திரையில் முக்கோணமாக இணைப்போம். ஓ.எஸ்.பி.எஃப். எனும் வழிகாணும் நெறியை அவற்றில் அமைப்போம். பின்னர் கண்டிக்கும் கம்பளைக்கும் இடையிலான இணைப்பைத் துண்டிப்போம். செய்தி மாத்தளை வழியாகச் சுற்றிச் சென்று சேர வேண்டும். சேராவிடின் பிழை நம்முடையதே. ஏரியா எண் இருபுறமும் ஒத்திருக்கிறதா என்று தேடுவோம். அத்தேடலே கல்வி.

சான்றிதழ் 3 ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். வினாவிடைகளை மனனஞ் செய்து அதைப் பெற்றவர், வேலைக்குச் சென்ற இடத்தில் முதற் பழுதின் முன்னே விழித்து நிற்பார்.

பெரியோர்களே, இரவில் பிள்ளைகள் கணினியின் முன் அமர்ந்திருந்தால் விளையாட்டென்று கடியாது, என்ன செய்கிறார்கள் என்று அருகிருந்து கேளுங்கள். நம் சங்கத்திலும் ஒரு கணினியை இப்பயிற்சிக்கென ஒதுக்குவோம்.