அழிப்பதற்கு முன் ஒரு கேள்வி



கணிப்பொறி நிரல் எழுதும் தொழிலில் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இவ்வுரையை அமைத்திருக்கிறோம். இத்தொழிலில் புக விரும்பும் இளைஞர்க்குப் பயன்படத்தக்க ஒன்றைச் சொல்லுமாறு செயலாளர் பணித்தார். பெரிய பொருள்களை விடுத்து, ஒரு பதிவை அழித்தால் அதனோடு தொடர்புடைய பிற பதிவுகள் என்னவாகும் என்னும் சிறு வினாவை எடுத்துக்கொண்டோம். சிறு வினா என்றோம். எங்களை மூன்று வாரம் உறங்கவிடாத வினா அது.

1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்பார், தரவுகளை அட்டவணைகளாகப் பகுத்து வைக்கும் முறையை ஒரு கட்டுரையில் வகுத்துரைத்தார். மாணவரின் பெயரை ஓர் அட்டவணையில் ஒருமுறை எழுதினால் போதும். அவர் கட்டிய கட்டணம் வேறோர் அட்டவணையில் இருக்கும். அங்கே பெயருக்குப் பதிலாக மாணவரின் எண் மட்டும் நிற்கும். பிற அட்டவணையைச் சுட்டும் இவ்வெண்ணை ஃபாரின் கீ என்பர். மாணவரின் பதிவு நீங்கிய பின்னும் அவ்வெண் நின்றால், அது இல்லாத ஒருவரைச் சுட்டும். அந்நிலை நேராதிருக்க வேண்டுமாயின், தொடர்ந்தவற்றையும் சேர்த்து அழிக்கலாம். சுட்டும் இடத்தை வெற்றிடமாக்கலாம். அன்றி, தொடர்புடையவை உள்ளவரை அழிக்கவே மறுக்கலாம்.

இக்காலத்தில் நிரலர் பலர் எஸ்.கியூ.எல். கட்டளைகளைத் தம் கையால் எழுதுவது குறைவு. அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் நிரலில் ஒரு பொருளாகக் கையாள இடந்தரும் ஓ.ஆர்.எம். என்னும் இடைக்கருவி, அக்கட்டளைகளைத் தானே எழுதிக்கொள்கிறது. பைத்தான் மொழிக்குரிய ஜாங்கோவில் அத்தகைய கருவி உண்டு. வசதிதான், ஆனால் கண்மறைவில் நடப்பது மிகுதி.

ஜாங்கோவின் பழைய பதிப்பொன்றில், ஒரு பயிற்சி நிலையத்துக்கு நாங்கள் பதிவேடு எழுதிக் கொடுத்தோம். பாடப்பிரிவு, அதன்கீழ்ச் சேர்க்கை, சேர்க்கையின்கீழ்க் கட்டண ரசீதும் மதிப்பெண்ணும் என்று அமைத்திருந்தோம். பாடப்பிரிவு ஒன்று நிறுத்தப்பட்டது. பட்டியலிலிருந்து அதனை எடுத்துவிடுமாறு கேட்டார்கள். நிரலில் ஒரே வரி எழுதி எடுத்துவிட்டோம். தொடர்பை வரையறுத்த இடத்தில், அழிக்கும்போது என்செய்வது என்பதை நாங்கள் எழுதவேயில்லை. எழுதாவிடில் அப்பதிப்புகளில் அது கேஸ்கேட் என்றே கொள்ளப்படும். படிப்படியாக இறங்கும் அருவி என்பது அச்சொல்லின் பொருள். பாடப்பிரிவு போயிற்று, சேர்க்கை போயிற்று, ரசீதும் மதிப்பெண்ணும் உடன் போயின. பிழைச்செய்தி ஏதும் வரவில்லை. கருவியின் கணக்கில் வேலை செவ்வனே முடிந்தது.

சில நாள் கழித்து, அப்பாடப்பிரிவில் தேறிய பெண் ஒருவர் வேலைக்காகச் சான்றிதழ் கேட்டு வந்தார். அவர் பெயருக்கெதிரே ஒன்றுமில்லை. "நீங்கள் இங்கே படித்ததற்கு ஆதாரம் இல்லையே, அம்மா" என்றார் அலுவலர். அவரைக் குறைகூறிப் பயனில்லை. திரை அவ்வாறுதான் காட்டியது. தாள் ரசீதுகளை ஒரு மஞ்சள் பையில் மடித்து வைத்திருந்தமையால் அப்பெண் தப்பினார். மற்றவர்களின் பதிவுகளைப் பழைய காப்புப் பிரதியிலிருந்தும், அதில் இல்லாதவற்றை அடிக்கட்டைகளிலிருந்தும் எடுத்து மீண்டும் ஏற்றினோம். மூன்று வாரம் சென்றது.

ஜாங்கோவின் நிர்வாகத் திரை வழியாக அழித்திருந்தால், என்னென்ன சேர்ந்தழியும் என்று பட்டியல் காட்டி அது ஒப்புதல் கேட்டிருக்கும். நிரலில் எழுதி அழித்த எங்களை யாரும் கேட்கவில்லை. 2017 டிசம்பரில் வெளிவந்த 2.0 பதிப்பு முதல், ஆன்-டிலீட் என்னுமிடத்தில் விடை எழுதாமல் ஃபாரின் கீயை வரையறுக்கவே இயலாது. செட்-நல் என எழுதினால் சுட்டும் இடம் வெறுமையாகும். புரொடெக்ட் என எழுதினால் அழிக்கும் முயற்சி பிழையாகத் திரும்பும். கடைக்கூடை அழிந்தால் அதிலிட்ட பண்டங்களின் வரிகளுக்குப் பொருளில்லை. அங்கே கேஸ்கேட் தக்கதே. ஒருவர்க்குச் சான்றாக நிற்கும் ரசீது, மதிப்பெண் ஆகியவற்றுக்கு நாங்கள் இப்போது புரொடெக்ட் தவிர வேறெதுவும் எழுதுவதில்லை. உண்மையில் அப்பாடப்பிரிவை அழித்திருக்கவே வேண்டியதில்லை. 'நடப்பில் இல்லை' என்று குறிக்க ஒரு பத்தி சேர்த்திருந்தால் போதும்.

பிற கருவிகளில் சொற்கள் வேறு, பொறிகளும் வேறு. ரூபி மொழியின் ரெயில்ஸில் டிஸ்டிராய், டிலீட் இரண்டும் ஒன்றென்று எண்ணிவிடாதீர்கள். முன்னது, தொடர்ந்த பதிவுகளுக்கு நீங்கள் வகுத்த விதியைப் பார்த்து நடக்கும். பின்னது பாராமல் நேரே அழிக்கச் செல்லும்.

வாயிலருகே மேசையில் ஒரு கணிப்பொறி வைத்திருக்கிறோம். அதில் மாணவர் பதிவேடொன்று இருக்கிறது. கூட்டம் முடிந்தபின் வந்து மூன்று வழியிலும் அழித்துப் பாருங்கள். பெயர்களெல்லாம் கற்பனை; தயங்க வேண்டா.